கண்டும் காணாத ஊர்

துப்பறியும் நாவல் என்றவுடனே முகஞ்சுளிக்கும் பெரியோர் நம் வீடுகளில் இன்னும் உளர். "படிக்கிற பிள்ளைக்கு இஃதெதற்கு?" என்பது அவர்தம் கேள்வி. பாடப் புத்தகத்தின் நடுவே மறைத்து வைத்துப் படிக்கப்பட்ட நூல்கள் எவையென்று எவரேனும் கணக்கெடுப்பாராயின், முதலிடம் இவ்வகைக் கதைகளுக்கே கிடைக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் இவ்வாரம் அவற்றைப் பற்றியே எழுத முற்பட்டோம். வன்னிப் பெருநிலத்தைப் பற்றி எழுதப்பட வேண்டிய நாவல் ஒன்று உண்டென்றும், அது சிற்றூர்ப் பொலிஸ் நிலையம் ஒன்றின் கதையாய் இருத்தல் வேண்டுமென்றும் நெடுநாளாக நாம் எண்ணி வருகின்றோம். அவ்வெண்ணத்தை வாசக நேயர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழில் துப்பறியும் கதைக்குப் பஞ்சமில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஆரணி குப்புசாமி முதலியாரும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும், ஜே. ஆர். ரங்கராஜுவும் இத்துறையில் எழுதிக் குவித்தனர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனை நம் பாட்டன்மார் அறிவர். வடுவூராரின் திகம்பர சாமியார் 1950இல் திரைப்படமாகவும் வந்தார். பின்னர் தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர்க் கோப்பையோடு வந்து சேர்ந்தார். 1960களின் இறுதியில் சுஜாதாவின் கணேஷ் வந்தார். இவர்கள் யாவரும் கெட்டிக்காரர்கள். பொலிஸார் திகைத்து நிற்கும் இடத்தில் தனியொருவராக நுழைந்து, முடிச்சை அவிழ்த்துக் குற்றவாளியைக் கையோடு பிடித்துக் கொடுப்பவர்கள். நல்ல பொழுதுபோக்கு. ஆனால் அக்கதைகளின் கேள்வி ஒன்றே: செய்தவன் யார்? அது தெரிந்தவுடன் கதையும் முடிந்துவிடும்.

மேனாடுகளில் இதனின் வேறாக இன்னொரு வகையும் தோன்றியது. பொலிஸ் நடைமுறை நாவல் என்று அதனைச் சொல்லலாம். பிரெஞ்சு மொழியில் எழுதிய சிமெனோன் 1931இல் நாவலாக வெளியிடத் தொடங்கிய மெக்ரே கதைகளிலே துப்பறிபவர் ஓர் அரசாங்க உத்தியோகத்தர். அவருக்கு மேலதிகாரியும் உண்டு, மாதச் சம்பளமும் உண்டு. அமெரிக்காவில் எட் மக்பெயின் 1956இல் தொடங்கிய வரிசையில் தனியொரு வீரன் இல்லை. ஒரு பொலிஸ் நிலையமே கதாநாயகன். சுவீடன் நாட்டு இணையரான ஷோவாலும் வாலூவும் 1965 முதல் 1975 வரை பத்து நாவல்களை எழுதி, குற்றத்தினூடே தம் சமூகத்தையே விசாரணை செய்தனர். அலுப்பூட்டும் அறிக்கைகள், நெடுந்தூர நடை, பொய் சொல்லும் சாட்சி, வாராத தொலைபேசி, மேலிடத்து நெருக்குதல் ஆகிய இவையே இவ்வகை நாவலின் சரக்கு.

இவ்வரிசையிலே எம்மை உலுக்கிய நூல், இத்தாலிய எழுத்தாளர் லியொனார்தோ ஷாஷா 1961இல் வெளியிட்ட 'ஆந்தையின் பகல்' என்பதாகும். ஷாஷா சிசிலித் தீவினர். பள்ளி ஆசிரியராய் இருந்தவர். அதிகாலையில், ஒரு சிற்றூரின் சதுக்கத்தில், புறப்படவிருக்கும் பஸ்ஸில் ஏற ஓடி வரும் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகின்றார். சிறு கட்டட ஒப்பந்தகாரர் அவர்; 'பாதுகாப்பு' என்னும் பெயரில் மாபியாக் கூட்டத்தார் நீட்டிய கைக்குப் பணம் வைக்க மறுத்தவர். பஸ் நிறைய ஆட்கள். பொலிஸார் வந்து சேர்வதற்குள் பயணிகள் ஒருவர் பின் ஒருவராக நழுவி விடுகின்றனர். சாரதிக்கு எவர் முகமும் நினைவில் இல்லை. அங்கே பலகாரம் விற்று நின்றவனுக்கோ வெடிச்சத்தமே கேட்கவில்லை!

விசாரிக்க வருபவர் வடக்கே பார்மா நகரிலிருந்து வந்த கப்டன் பெல்லோடி. அவர் மதிநுட்பம் மிக்கவர், மரியாதை தெரிந்தவர், எவரையும் அடிப்பவரல்லர். கொலைஞன் ஓடியதைக் கண்ட மரக்கிளை வெட்டும் தொழிலாளி ஒருவன் காணாமற் போகின்றான். அவன் மனைவியின் வாயிலிருந்து ஒரு பெயர் கிடைக்கின்றது. அப்பெயரைப் பற்றிக்கொண்டு கப்டன் படிப்படியாக ஏறி, ஊர்ப் பெரிய மனிதர் வரை சென்று கைது செய்கின்றார். ஆனால் முடிவு? பெருமதிப்புக்குரியவர்கள் வந்து, சுட்டவன் அன்று வேறிடத்தில் இருந்தான் என்று சாட்சி சொல்ல, கட்டிய வழக்கெல்லாம் சரிந்து விழுகின்றது. யார் செய்தார் என்பது நாவலின் நடுவிலேயே நமக்குத் தெரிந்துவிடுகின்றது. ஊருக்கோ முதலிலேயே தெரியும். அங்கே கேள்வி 'செய்தவன் யார்' என்பதன்று. 'சொல்பவன் யார்' என்பதே.

இந்நூலைப் படித்து முடித்தபோது எம் கண்முன் நின்றது சிசிலி அன்று, வன்னி. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குச் செல்லும் பாதை, புளியங்குளம் தாண்டிக் கனகராயன்குளத்துக் காடு, தண்ணிமுறிப்புக் குளக்கட்டு ஆகிய இவையே.

வன்னிக் காட்டின் செல்வம் முதிரையும் பாலையும் கருங்காலியும். அரசாங்கம் நாட்டிய தேக்கந் தோப்புகளும் உண்டு. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இன்றி அரச காட்டில் மரம் தறிப்பதும் அதனை ஏற்றிச் செல்வதும் குற்றம். சட்டம் வந்து நூறாண்டு கடந்துவிட்டது. முதிரையோ இரவில் நடந்துகொண்டே இருக்கின்றது.

ஒருமுறை வன்னியில் எமது பெரியப்பா வீட்டில் தங்கியிருந்தோம். நள்ளிரவிலே மூன்று முறை உழவு இயந்திரம் போய் வந்த ஓசை கேட்டது. காலையில் வேலியோரத்து மணலில் பாரம் ஏற்றிய சில்லுத்தடம் ஆழமாகப் பதிந்து கிடந்தது. பெரியப்பாவைக் கேட்டோம்.

"என்ன சத்தம் மோனை? யானை வந்திருக்கும்."

"யானை டீசல் மணக்குமோ பெரியப்பா?"

அவர் சிரித்தார். பின்பு வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். வயல் காட்டோரம் கிடக்கு. மாடும் காட்டுக்கைதான் மேயுது. நான் கண்டனான் எண்டு சொன்னால், விசாரிக்க வந்த ஐயா ரெண்டு வரியத்திலை மாற்றலாகிப் போயிடுவார். நான் எங்கை போறது?"

இவ்விடையிலே கோழைத்தனம் இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை. கணக்கு இருக்கின்றது. எவன் போவான், எவன் இருப்பான் என்னும் கணக்கு. சிசிலியின் பலகாரக்காரன் போட்டதும் இதே கணக்குத்தான்.

இத்தொழிலின் அமைப்பையும் சிறிது நோக்குவோம். காட்டுக்குள் வாளோடு செல்பவன் கூலிக்காரன். பெட்டியில் ஏற்றிக் காட்டு எல்லைவரை கொணர்பவன் இன்னொருவன். அங்கிருந்து லொறி. லொறிக்கு முன்னே மோட்டார் சைக்கிளில் வழி பார்த்துச் செல்பவன் ஒருவன். மேலே வைக்கோலோ மணலோ மூடியிருக்கும். சில வேளை கையில் உண்மையான அனுமதிப்பத்திரமே இருக்கும். ஆனால் ஒரு பாரத்துக்குப் பெற்ற பத்திரம் பல பாரத்துக்குப் பயன்படும். பின்பு தொலைவிலுள்ள மரக்காலை. அங்கே பலகையான பின் முதிரைக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. இவர்கள் யாவருக்கும் பணம் போட்டவன் காட்டை எட்டியும் பாரான். ஒருவனை மற்றவனுக்குத் தெரியாதபடி பிரித்து வைத்த இந்த ஒழுங்கினாலேதான் இதனை 'ஒழுங்கமைக்கப்பட்ட குற்றம்' என்கின்றனர். பிடிபடுபவன் பெரும்பாலும் நாட்கூலிக்குச் சாரதியாய் இருந்தவன். அவன் மனைவிதான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீதிமன்ற வாசலில் நிற்பாள்.

இது வெறுங் கற்பனை என்று எவரும் தள்ளிவிட வேண்டா. 2020ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், முல்லைத்தீவு மாவட்டத்து முறிப்புப் பகுதியில் களவாக மரந் தறிப்பதைச் செய்தியாக்கச் சென்ற பத்திரிகையாளர் இருவர் தாக்கப்பட்டனர். வெட்டுண்ட மரத்தைப் படம் பிடிப்பதே உயிருக்கு ஆபத்தாகும் என்றால், அங்கே வெட்டப்படுவது மரம் மட்டுமன்று என்பது தெளிவு.

நிற்க. 'வாய் திறவாத ஊர்' என்று பழி சொல்லுமுன், அவ்வூர் எத்தனை அதிகாரங்களுக்குத் தலை வணங்கி வந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இந்நாட்டின் பொலிஸ் சேவை 1866ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் திகதியைத் தன் பிறந்த நாளாகக் கொள்வது. ஆயினும் நாட்டுப்புறத்திலே குற்றத்தை அறிந்து சொல்லும் பொறுப்பு நெடுங்காலம் விதானையாரிடமே இருந்தது. 1963இல் அப்பதவி ஒழிக்கப்பட்டுக் கிராம சேவையாளர் வந்தார். அதன்பின் போர்க்காலம். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்து, உயர்தரப் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலையும் சான்றாக ஏற்க வழி செய்தது. 1991இல் விடுதலைப் புலிகள் தமக்கெனக் காவல்துறை ஒன்றை அமைத்தனர். தனி நீதிமன்றங்களையும் நடத்தினர். 2009இல் அவையும் மறைந்தன; இடம்பெயர்ந்த மக்கள் முகாம்களிலிருந்து திரும்பி வந்தபோது மீண்டும் அரசாங்கப் பொலிஸ் நிலையம். ஒரே மனிதர், ஒரே படலையில் நின்று, வெவ்வேறு சீருடைகளுக்கு "எனக்கொன்றும் தெரியாது" என்று சொல்லியிருக்கின்றார். உயிர் பிழைக்கக் கற்ற சொல்லை ஒரே நாளில் மறந்துவிடு என்றால் முடியுமா?

மொழியும் ஒரு தடை. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டத்தில் ஏறிய மொழி பொலிஸ் நிலைய மேசைக்கு வந்து சேர்வது வேறு விஷயம். தமிழில் சொன்ன முறைப்பாடு வேறு மொழியில் எழுதப்பட்டு, வாசித்துக் காட்டியும் விளங்காமல், கீழே கையொப்பம் இட்டுவிட்டு வந்தோர் பலர். 'கண்டேன்' என்பதற்கும் 'கண்டாற்போல் இருந்தது' என்பதற்கும் உள்ள வேற்றுமை, வழக்கு வெல்வதற்கும் தோற்பதற்கும் உள்ள வேற்றுமை அன்றோ? இதனை நன்கு உணர்ந்து எழுதியவர் லெனாட் வுல்ப். அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராய் இருந்த அவ்வாங்கிலேயர், 1913இல் வெளியிட்ட காட்டுக் கிராமத்து நாவலிலே, ஊர்த் தலைவனும் வர்த்தகனும் கூடி ஓர் ஏழையைப் பொய்த் திருட்டு வழக்கில் மாட்டி வைக்கின்றனர். நீதிபதி நல்லவர், ஐயமும் கொள்கின்றார். ஆயினும் நடப்பது இன்னதென்றே அறியாத ஏழை சிறை செல்கின்றான். சிற்றூரிலே சிறு கூட்டம் ஒன்று சட்டத்தையே தன் கைக்கருவியாக்கிக் கொள்வதை நூறாண்டுக்கு முன்பே அந்நூல் காட்டிவிட்டது.

இத்தனையும் இருக்க, நடைமுறை நாவலுக்கு வேண்டிய நாடகத்தை நம் சட்டப் புத்தகமே எடுத்துத் தருகின்றது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்து 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் ஒருவன் செய்த குற்ற ஒப்புதலை அவனுக்கெதிராக எண்பிக்க இயலாது. வனக் குற்றம் பற்றி வன உத்தியோகத்தரிடம் செய்த ஒப்புதலுக்கும் அவ்விதியே. ஆகவே அடித்து வாங்கிய வாக்குமூலத்தால் நேர்மையான அதிகாரிக்குப் பயனில்லை. அவர் காட்டுக்குள் நடந்துதான் ஆக வேண்டும்: அடிக்கட்டையை அளந்து, பிடிபட்ட குற்றியோடு ஒப்பிட்டு, வன இலாகாவின் சுத்தியல் முத்திரை உண்டா என்று தடவிப் பார்த்து, அனுமதிப்பத்திரத்தின் திகதியையும் நேரத்தையும் லொறி கடந்த நேரத்தோடு வைத்துக் கணித்துச் சான்றைத் திரட்ட வேண்டும். பிடித்த ஆளையோ, பொதுவாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்திவிட வேண்டும். கடிகாரம் ஓடுகின்றது, காடோ பரந்து கிடக்கின்றது. இதைவிட விறுவிறுப்பு வேறென்ன வேண்டும்?

குற்றம் நிரூபணமானால் லொறி அரசுடைமையாகலாம். ஆனால் உரிமையாளர் வேறொருவராய் இருந்து, குற்றம் நடவாதிருக்கத் தாம் வேண்டிய முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்ததாக எண்பித்தால், லொறி அவரிடமே திரும்பும். எமது கற்பனை நாவலின் உச்சக்கட்டம் இவ்விசாரணையில்தான் அமைய வேண்டும். வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைந்த திருநீறுமாக ஒருவர் கூண்டில் ஏறி, "என் சாரதி இப்படிச் செய்வானென்று நான் கனவிலும் நினைக்கவில்லை" என்பார். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தவராயும் இருப்பார். முதல் முறையாகக் கதையின் பெரிய மனிதர் வெளிச்சத்துக்கு வருகின்றார். அதுவும் ஒன்றும் அறியாதவராக!

வன்னி நாவலுக்கு நல்ல முன்னோரும் உளர். அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்து, தண்ணிமுறிப்புக் காட்டையும் அதன் எளிய மாந்தரையும் ஈழத்து வாசகர் நெஞ்சில் பதித்தது. செங்கை ஆழியானின் 'காட்டாறு', வன்னிக் குடியேற்றக் கிராமம் ஒன்றிலே உத்தியோகத்தரும் முதலாளிமாரும் சேர்ந்து ஏழை விவசாயியைச் சுரண்டுவதை எடுத்துரைத்தது. அதன் ஆசிரியர் நிர்வாக சேவையில் இருந்தவராதலால், கச்சேரி மேசைக்கு இப்புறமும் அப்புறமும் நடப்பதை அறிந்து எழுதினார். முன்னது காட்டைத் தந்தது. பின்னது கூட்டுக் களவைத் தந்தது. இவ்விரண்டோடும் பொலிஸ் நிலையத் தகவல் புத்தகத்தைச் சேர்த்தால் நாம் கேட்கும் நாவல் பிறந்துவிடும்.

அதனை எழுதப் புகுவோருக்கு இரண்டொரு வார்த்தை. பொலிஸாரை அரக்கராகவும் தீட்ட வேண்டா; தெய்வமாகவும் தீட்ட வேண்டா. தென்னிலங்கையிலிருந்து மாற்றலாகி வந்த இளம் அதிகாரி ஒருவர் தமிழைத் தட்டுத் தடுமாறிக் கற்கலாம். உடனிருக்கும் தமிழ்க் கான்ஸ்டபிளுக்கு ஊரெல்லாம் உறவு. அதுவே அவருக்குப் பலமும் பலவீனமும். கைக்கூலி வாங்குபவரும் அந்நிலையத்திலே ஒருவர் இருக்கட்டும். அவருக்கும் ஒரு வீடும் கடனும் இருக்கட்டும். மரந் தறிக்கும் கூலிக்காரனைப் பழிக்குமுன், அவன் வயல் எத்தனை போகம் பொய்த்தது என்பதையும் எழுதுக. முடிவிலே வீராதி வீரன் ஒருவன் வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டதாக மட்டும் எழுதற்க. ஷாஷாவின் கப்டன் தோற்றபின் விடுப்பில் தன்னூரில் இருக்கின்றார். ஆயினும் அத்தீவுக்குத் திரும்பிச் செல்வது என்றே உறுதி கொள்கின்றார். அவ்வளவு போதும்.

நாவலால் மரக் களவு ஒழிந்துவிடுமா என்று வாசகர் கேட்கலாம். ஒழியாது. 2015இலும் பின்னர் 2023இலும் சாட்சிகளைப் பாதுகாக்கவென்றே சட்டங்கள் இயற்றப்பட்டன. அச்சட்டங்களாலேயே ஒரே நாளில் நீங்காத அச்சத்தை ஒரு கதைப் புத்தகமா நீக்கிவிடும்? ஆனால் கதை செய்யவல்ல வேறொரு காரியம் உண்டு. தனித்தனியே ஒவ்வொரு வீட்டிலும் தணிந்த குரலில் சொல்லப்படுவதை அது பொதுவிலே உரத்துச் சொல்லும். 'எனக்கு மட்டுந்தான் தெரியும், ஆகவே எனக்கு மட்டுந்தான் ஆபத்து' என்று எண்ணியிருப்பவர், ஊர் முழுவதும் அறிந்திருப்பதை அதிலே காண்பார். ஒருவர் சொன்னால் அவரைத் தேடி வருவர். நாற்பது வீட்டார் சேர்ந்து சொன்னால் எந்தப் படலைக்கு வருவது? கூட்டாகச் செய்யும் களவுக்குக் கூட்டாகச் சொல்லும் சாட்சியே மருந்து.

முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இன்று சட்டம் பயின்ற பிள்ளைகள் இருக்கின்றனர். நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளர் இருக்கின்றனர். பொலிஸ் சேவையிற் சேர்ந்த இளைஞரும் யுவதியரும் இருக்கின்றனர். இரவிலே உழவு இயந்திரத்தின் ஓசை கேட்டு விழித்துக் கிடந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களுள் ஒருவர் எழுதட்டும். எழுதி வந்தால், அதனைப் பிள்ளைகள் பாடப் புத்தகத்துக்குள் மறைத்துப் படிக்க வேண்டியதில்லை. பெற்றோரே முதலில் படித்துவிட்டு, "இது எங்கள் ஊர்க் கதைதான்" என்று அவர்கள் கையிற் கொடுக்கட்டும்.